கதகதப்பு

ஜனவரி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் மாடி வீடொன்றின் படுக்கையறையில், ஏழு வயதுச் சிறுமி கண்விழித்தபோது அவளுடைய கோழிக்குஞ்சு போர்வைக்குள் செத்துக் கிடந்தது.

அவள் அழவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, இன்ஸ்பெக்டர் எழுந்திருக்க மாட்டேங்குது" என்றாள்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

குஞ்சின் ஒரு பக்கத்து மயிர் தோலோடு ஒட்டிப் படிந்திருந்தது. அந்தப் பக்கம் தட்டையாக இருந்தது. மெத்தையில் குழந்தையின் தோள் அழுந்திய பள்ளம் இன்னும் மேலே எழும்பவில்லை. மகள் பார்ப்பதற்குள் அம்மா உள்ளங்கையால் அதைத் தடவிச் சமன் செய்தாள்.

"பெட்டியில இருந்ததை ஏன் எடுத்த?"

"பல்பு ஃபியூஸ் போயிடுச்சும்மா. அதுக்குக் குளிருமேன்னு என்கிட்ட படுக்க வச்சுக்கிட்டேன்."

குஞ்சின் சூட்டுக்காகப் பல்பு மாட்டியிருந்த அட்டைப்பெட்டியை அம்மா எட்டிப் பார்த்தாள். பல்பு எரியவில்லைதான்.

அப்பா வேலை பார்ப்பது குஞ்சு பொரிப்பகத்தில். பொரிந்து வருகிறவற்றில் தேறியது எது, தேறாதது எது என்று பிரித்துப் போட வேண்டும். கால்விரல் வளைந்து பிறந்ததால் கழிவுக்குப் போக வேண்டிய ஒன்றைப் போன வாரம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அது நொண்டி நொண்டி நாற்காலிக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் புகுந்து பார்த்ததால் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார். வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார்.

"ஐயா, வீட்டுல எல்லாரும் ஒழுங்கா இருக்காங்களா? எங்க வீட்டம்மா மேல ஏதாவது புகார் வந்துச்சா?"

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

குஞ்சுகள் எப்படிச் சாகும் என்பது அவருக்கு அத்துப்படி. சாப்பிடும்போது சொல்லாதீங்க என்றாலும் கேட்க மாட்டார். குளிர் அடித்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளும், அடியில் மாட்டிக்கொண்டது மூச்சு முட்டிப் போய்விடும், எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், நோயில் செத்தது அப்படி இருக்காது என்பார்.

பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து குஞ்சைக் கையில் எடுத்தார். ஒரே ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

மகள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா, நான் அது மேல படுத்துட்டேனா?"

இதற்கு என்ன பதில் வந்தாலும் அது இந்தப் பெண்ணோடு காலம் முழுக்க வரும் என்று அம்மாவுக்குப் பட்டது. தன்னிடம் கேட்காமல் விட்டாளே என்று ஆறுதலாகவும் இருந்தது. அம்மாவுக்குப் பொய் வராது. ஊசி போடப் போனால்கூட வலிக்காது என்று சொல்ல மாட்டாள். கொஞ்சம் வலிக்கும், தாங்கிக்கோ என்பாள்.

ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கணவனைக் கண்ணால் கெஞ்சினாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"சேச்சே, நீ ஒண்ணும் பண்ணலடா" என்றார். "அதுக்கு உள்ளுக்குள்ளேயே மூச்சுல கோளாறு. வெளிய தெரியாது. யார்கிட்ட இருந்திருந்தாலும் போயிருக்கும். நீ பக்கத்துல படுத்திருந்ததால கடைசி வரைக்கும் கதகதப்பா இருந்துச்சு."

நிதானமாகச் சொன்னார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் குஞ்சின் தலையை நீவிவிட்டார்.

மகளின் தோள்கள் தளர்ந்தன. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. எத்தனை நல்ல மனுஷன், எவ்வளவு சுலபமாக ஒரு பொய்யைச் சொல்லிப் பிள்ளையைக் கரையேற்றிவிட்டார் என்று நினைத்தாள்.

நினைத்து முடிப்பதற்குள் அவள் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

இதே வார்த்தைகளை அவள் கேட்டிருக்கிறாள். இதே வரிசையில், இதே நிதானத்தில்.

இந்தப் பெண் பிறப்பதற்கு முன்னால், வேறொரு வீட்டில், ஒரு விடியற்காலை. அவள் கண்விழித்தபோது அவர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். கையில் அவர்களுடைய முதல் குழந்தை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கட்டைவிரலால் அதன் நெற்றியை நீவியபடியே, உள்ளுக்குள் மூச்சில் கோளாறு என்றார், வெளியே தெரியாது என்றார், நீ பக்கத்தில் படுத்திருந்ததால் கடைசி வரைக்கும் கதகதப்பாக இருந்தது என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள், சமைத்தாள், இன்னொரு பிள்ளை பெற்றாள்.

"நிஜமாம்மா?" மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. அப்பா எப்பவும் விளையாடுவாரு."

அவருடைய கட்டைவிரல் நின்றது. அப்போதும் அவர் தலை நிமிரவில்லை.

"நிஜம்தான் கண்ணு" என்றாள். "அப்பாவுக்குத் தெரியாததா?"

பால்கனியில் இருந்த பெரிய பூந்தொட்டியில் அவர் பழைய கரண்டியால் மண்ணைத் தோண்டினார். மகள் தன் கைக்குட்டையில் குஞ்சைச் சுற்றிக் கொடுத்தாள்.

இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்ட வேண்டுமா என்று அவர் மனைவியிடம் கேட்டார்.

போதும் என்றாள்.