மறுசரிவு

அவள் படத்தை இடம் வலமாகத் திருப்பினாள்.

மலையின் மேற்குச் சரிவில் இருந்த சிவப்பு, கிழக்குச் சரிவில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுபடி திருப்பினாள். மறுபடி.

சிவப்பு என்றால் மண் நகர்கிற இடம். பெருமழை வந்தால் சரியக்கூடிய இடம். செயற்கைக்கோளின் ரேடார் படங்களை அடுக்கி அடுக்கி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்தது அது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். மேற்குச் சரிவில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகள். கிழக்குச் சரிவில் பள்ளிக்கூடம்.

வீடுகளின் தலைக்குமேல்தான் சிவப்பு என்று எழுதியிருந்தாள்.

ஆய்விதழுக்கு அனுப்பி, மற்ற அறிஞர்கள் படித்துச் சரி சொல்லி, அச்சில் வருவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து போய்விடும். பொறு என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அவள் பொறுக்கவில்லை. பல துறைக்காரர்களும் தங்கள் ஆய்வை அச்சேறும் முன்பே போட்டுவைக்கிற பொதுத்தளம் ஒன்றில் ஏற்றிவிட்டாள். மேலே ஒரு வரி இருந்தது: இன்னும் சரிபார்க்கப்படாதது.

நாளிதழ்கள் அந்த வரியை விட்டுவிட்டு மற்றதைப் போட்டன.

போன வாரம் லயன் வீடுகளைக் காலி செய்தார்கள். குழந்தை குட்டிகளோடு எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அன்று கோயம்புத்தூரில் விடுதி மெஸ்ஸில் அவள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

இன்று காலை இந்த மின்னஞ்சல். எழுதியவர் முன்பின் தெரியாத ஒரு தொல்லியல்காரர். அதே செயற்கைக்கோளின் படங்களை வைத்து, தூர்ந்துபோன பழைய ஏரிகளைத் தேடுகிறவர். தளத்தில் அவள் கட்டுரையைப் பார்த்திருக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். பதப்படுத்தாத ரேடார் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி வருமே, திருப்பினீர்களா? நானும் ஒருமுறை மறந்துபோய், ஏரியே இல்லாத இடத்தில் தோண்டியிருக்கிறேன்.

அவள் திருப்ப மறந்திருந்தாள். அவர் தோண்டியது வெறும் மண்ணை.

தளத்தில் 'திருத்திய பதிப்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் படம் மாறிவிடும். அவ்வளவுதான். மழை பெய்யாமலும் போகலாம்.

ஜன்னலுக்கு வெளியே மலைப் பக்கம் கறுத்துக்கிடந்தது.

அவள் பொத்தானை அழுத்தினாள். பிறகு அந்த ஊர் வி.ஏ.ஓ. பெள்ளிராஜைப் போனில் கூப்பிட்டாள்.

படம் திசை மாறிவிட்டது, ஆபத்து பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று சொன்னாள்.

"கெஞ்சிக் கூத்தாடித்தான் மேடம் அவங்கள வீட்ட விட்டுக் கிளப்பினேன்," என்றார் அவர். "இன்னொரு வாட்டி நான் போய்ச் சொன்னா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. நீங்களே வந்து சொல்லிருங்க."

மேட்டுப்பாளையம் தாண்டும்போது டாக்சியின் கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன. கொண்டை ஊசி வளைவுகளில் வைப்பர் ஓயவில்லை. சாலையோரம் எங்கே சிவந்த தண்ணீர் இறங்கினாலும் அவள் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

வகுப்பறைகளில் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஈரத்துணி வாடை. பெள்ளிராஜ் அவளைக் காட்டி, இவங்கதான் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ரேடார், கண்ணாடி, திசை. அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். ஆபத்து உங்கள் வீடுகளுக்கு இல்லை, இந்தக் கட்டடத்துக்கு என்றாள். மழை வலுக்கும் முன்னே வீடுகளுக்குத் திரும்பிவிடுங்கள் என்றாள்.

யாராவது திட்டுவார்கள் என்று நின்றாள்.

யாரும் திட்டவில்லை. ஒருவர் ஜன்னல் வழியே வெற்றிலையைத் துப்பினார்.

சுவரோரம் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பெண் நிமிராமலே கேட்டாள். புஷ்பராணி என்று பெயர்.

"அன்னிக்குச் சொன்னது தப்பு. இன்னிக்குச் சொல்றது சரின்னு எப்படித் தெரியும்?"

இதையும் இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை. அவளைத் தவிர.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சரி, அக்கா."

அந்த அறையில் அந்தப் பதில் மிகச் சிறியதாகப் பட்டது.

புஷ்பராணி குழந்தையின் வாயைத் துடைத்தாள். பிறகுதான் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ராத்திரிக்கு நீங்க கோயம்புத்தூர் போயிருவீங்க."

குற்றம் சொல்வதுபோல் இல்லை. உள்ளதைச் சொல்வதுபோல்தான் இருந்தது.

முற்றத்தில் டாக்சி எஞ்சினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் மழையில் இறங்கிப் போனாள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவரிடம் ஏதோ சொல்லி, பின் சீட்டிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

டாக்சி திரும்பியது. அதன் சத்தம் வளைவு வளைவாக இறங்கி, மழைக்குள் மறைந்தது.

சொட்டச் சொட்ட உள்ளே வந்து நின்றாள்.

"உங்க வீட்ல ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா, அக்கா?"

புஷ்பராணி எழுந்து வந்து குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். குனிந்து பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

பின்னால் இன்னொரு பாய் சுருளும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

லயன் வீடுகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அவர்கள் ஒவ்வொருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த பாதை. ஆனாலும் யாரும் முன்னே போகவில்லை.

அவளை முதலில் நடக்கவிட்டார்கள்.