மிசினுக்கு மட்டும்

"சுடும்! தள்ளி நில்லும்!"

கத்திக்கொண்டே தயாபரன் கோப்பி மிசினின் பின்மூடியைக் கழற்றினான். ஆணி ஒன்று உருண்டு குசினி மேசைக்கு அடியில் போனது. தேட நேரமில்லை.

விருந்தாளிகள் வரும் வான் பரந்தன் சந்தியைத் தாண்டிவிட்டதாம். இப்போதுதான் போன் வந்தது. வருகிறவர்கள் பரிஸ் நகரத்தில் அவனோடு ஒன்றாக வேலை செய்த கூட்டாளிகள். தர்மபுரத்தில் இருந்துகொண்டே பரிசைவிட நல்ல எஸ்பிரஸ்ஸோ போட்டுத் தருகிறேன் என்று அவர்களிடம் மாதக்கணக்கில் அளந்துவிட்டிருந்தான்.

மிசினோ விடிந்ததிலிருந்து முக்குகிறது, முனகுகிறது. ஒரு சொட்டு இறக்க மாட்டேன் என்கிறது.

அவன் மனைவி சுமித்திரா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"கொட்டை பிழையோ?" என்றாள் மெல்ல.

கேட்டதுதான் தாமதம், பொங்கிவிட்டான்.

"கொட்டையோ? எத்தியோப்பியாக் கொட்டையப்பா! வறுத்த சூடு ஆற முந்தி எடுப்பிச்சனான்!"

"அப்ப அரைக்கிற கிரைண்டரோ?"

"அதைத் தெரிவு செய்ய நான் பட்ட பாடு உமக்குத் தெரியாதே?"

தெரியும். தட்டைப் பல் நல்லதா, கூம்புப் பல் நல்லதா என்று போனும் கையுமாகத் திரிந்தான். மிசினுக்கு ஒரு கொதிகலன் போதுமா, இரண்டு வேண்டுமா என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து யோசித்தான். அவளைப் பெண் பார்க்க வந்தபோது ஒரே பின்னேரத்தில் முடிவெடுத்த மனுசன்.

கடைசியாகத் தண்ணீரைத் தெரிவு செய்தான்.

ஊர்க் கிணறுகளில் கல்லுத் தண்ணீர். கேத்திலில் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல உள்ளே வெள்ளை பிடிக்கும். அது மிசினைக் கொன்றுவிடும் என்று படித்த அன்றே, கிளிநொச்சியிலிருந்து வடிகட்டிய தண்ணீரை நீலப் பிளாஸ்டிக் கான்களில் இறக்கத் தொடங்கினான். ஒவ்வொரு கானிலும் கறுப்பு மையால் எழுதினான்: மிசினுக்கு மட்டும்.

தான் குடிக்கக் கடைப் போத்தல். மிசினுக்குக் கான். சுமித்திராவுக்குக் கிணறு.

அவள் அதற்குக்கூட வாய் திறக்கவில்லை. திறந்தது அண்ணனுக்காக.

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நிஷாந்தன் வீடு. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது, கிணற்றுத் தண்ணீரை விட்டுவிடு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். வயலுக்கே போக ஏலாமல் படுத்திருக்கிறவன் தண்ணீர் வாங்கக் கிளிநொச்சிக்கு எப்படிப் போவான்?

தினமும் ஒரு கான் தாருங்கோ என்று கேட்டாள்.

தயாபரன் சிரித்தான். வீட்டுக்கு வந்திருந்தவர்களுக்கு முன்னால், வயிறு குலுங்க.

"கிணத்துத் தண்ணி மிசினைத்தான் பழுதாக்கும். மனுசருக்கு ஒண்டும் செய்யாது. உங்கட ஆக்கள் மலையில தேயிலைத் தோட்டத்தில பீலித் தண்ணி குடிச்சு வளர்ந்தவை. இப்ப கான் கேக்குதோ?"

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிஷாந்தன் அதைக் கேட்டான். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

அந்தக் குனிந்த தலையை சுமித்திரா மறக்கவில்லை.

அழவில்லை. சண்டை பிடிக்கவில்லை. மறுநாள் விடிய எழும்பி, மிசினுக்குத் தானே தண்ணீர் நிரப்பினாள். "இப்பதான் மனுசிக்குப் புத்தி வந்திருக்கு" என்று தயாபரன் கூட்டாளிகளுக்குப் போனில் சொன்னான்.

டக்!

கொதிகலனின் மூடி கழன்றது. தயாபரன் டோர்ச்சை அடித்தான்.

வெள்ளை. குழாய் வாய் முழுக்கக் கல்லாக இறுகிய வெள்ளை. நகத்தால் சுரண்டினான். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

மேசைக்கு அடியில் இருந்த நீலக் கானை இழுத்தெடுத்தான்.

"இந்தக் கானாலதானே தண்ணி விடுறனீர்?"

"ஓம். வேற எதாலயும் விடுறேல்லை."

கானைச் சரித்து உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தான். முகம் கோணியது.

"கிணத்துத் தண்ணி!"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"நீங்கள் சிரிச்சதுக்கு அடுத்த நாளில இருந்து."

"விசரி! என்ர மிசினைச் சாக்காட்டிப் போட்டியேடி!"

வாசல் படலையில் வான் ஹோர்ன் அடித்தது. அவன் திரும்பவில்லை. வேறு ஏதோ ஒன்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையும் மாலையும் கண்ணை மூடி, மணந்து மணந்து உறிஞ்சிய கோப்பி. பரிசிலும் இந்த ருசி இல்லை என்று அவனே மெச்சிய கோப்பி.

குரல் இறங்கிவிட்டது.

"அப்ப... நான் இவ்வளவு நாளும் குடிச்சது?"

"இதைத்தான். ஏன் பயப்பிடுறியள்? மனுசருக்கு ஒண்டும் செய்யாது."

அவன் கை தன்பாட்டில் போய் முதுகின் கீழ்ப்பக்கத்தைத் தடவியது.

அப்போது குசினி வாசலுக்கு நேரே வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. மெலிந்த கை. ஆனால் நடுங்கவில்லை. அதில் தொங்கியது ஒரு வெறும் நீலக் கான்.

"தங்கச்சி, நேற்றுத் தந்தது முடிஞ்சுது," என்றான் நிஷாந்தன். "நிறைஞ்ச கானைத் தாவன்."

கானில் கறுப்பு மை இன்னும் அழியவில்லை: மிசினுக்கு மட்டும்.