சித்தம்மாவின் பேத்தி

ஜட்காவிலிருந்து இறங்கிய இரண்டு பேரில் மூத்தவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். விறுவிறுவென்று வந்து, வாசலில் நின்ற வெங்கடசுப்ரமணியனின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயய்யோ, என்ன இது? எழுந்திருங்கோ!" வெங்கடசுப்ரமணியன் பதறிப் பின்வாங்கினார். மைசூர் சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் காலில் யாரும் விழுந்ததில்லை.

"கல்லுப்பள்ளத்துப் பெரியதனம் தொட்டையனுங்க. ராமாபுரத்துக்கு அந்தாண்டை. இவன் லிங்கப்பனுங்க. சாமி போட்ட கடுதாசி கெடச்சுதுங்க."

வெங்கடசுப்ரமணியன் அவரைக் கைதூக்கி எழுப்பினார். வசவு வரும், இல்லாவிட்டால் பதிலே வராது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்படிப் பழத்தாரும் மலைத்தேனுமாக வந்து நிற்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எல்லாம் ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ஆபீஸில் பழைய கட்டுகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது, மைசூரை வெள்ளைக்காரக் கமிஷனர்கள் ஆண்ட காலத்து விசாரணைக் காகிதம் ஒன்று கையில் அகப்பட்டது. வருஷம் 1874. காலரா கண்ட ஒரு கிராமத்தில், சித்தம்மா என்பவள் சூனியம் வைத்ததாகப் புகார். 'வைத்தது உண்மை, நான் அறிவேன்' என்று தாலுக்கா குமாஸ்தா ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கையெழுத்து ராமசுப்பையருடையது. வெங்கடசுப்ரமணியனின் சொந்தத் தாத்தா.

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. மந்திரம் உச்சரிக்க முடியாதபடி அவளுடைய முன்பற்களைத் தட்டி உடைத்து, கைக்குழந்தையோடு ஊரை விட்டுத் துரத்தினார்கள்.

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "அறுபது வருஷத்துக்கு முந்தி நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவேள்?" என்று மனைவி காமாக்ஷி கேட்டாள்.

"மன்னிப்பாவது கேக்கலாமோல்லியோ?"

லீவு நாட்களிலெல்லாம் பஸ் ஏறினார். அந்தக் கைக்குழந்தை ஹனூர்ப் பக்கம் வளர்ந்து, கல்யாணமாகி, செத்தும் போயிருந்தாள். அவள் பெண் நாச்சம்மாள் கல்லுப்பள்ளத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பதாக மட்டும் ஒருவர் சொன்னார். புருஷன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அதனால் அந்த ஊர்த் தலைவரான பெரியதனத்துக்கே எழுதினார்: 'சூனியக்காரி என்று தண்டிக்கப்பட்ட சித்தம்மாவின் பேத்தி நாச்சம்மாள் உங்கள் ஊரில் இருப்பதாக அறிகிறேன். அவளை நான் நேரில் பார்க்க வேண்டும்.'

மன்னிப்பைப் பற்றி எழுதவில்லை. அதை நேரில் கேட்பதுதான் முறை என்று நினைத்தார்.

"உள்ளே வாங்கோ" என்று இரண்டு பேரையும் கூடத்துக்கே அழைத்துப் பாயில் உட்காரவைத்தார்.

"எங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க. வாத்தியாருதான் கோயில் முன்னால நின்னு சத்தமாப் படிச்சாருங்க. ஊரே கேட்டுதுங்க" என்றார் தொட்டையன். "சாமிக்கு எங்க ஊரே கடமைப்பட்டிருக்குதுங்க."

"நான் என்ன பெரிசாப் பண்ணிட்டேன்!" வெங்கடசுப்ரமணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு சௌக்கியமா இருக்காளா?"

"பாக்கோணும்னு எழுதியிருந்தீங்களே, கையோட கூட்டியாந்துட்டமுங்க. ஜட்காவுல இருக்கறா."

லிங்கப்பன் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

சொம்போடு வாசலுக்குப் போயிருந்த காமாக்ஷி திரும்பி வந்தாள். "மோர் குடுத்தேன்னா. வேண்டாம்னு தலைய மட்டும் ஆட்டறா. முந்தானையை வாயிலேர்ந்து எடுக்கவே மாட்டேங்கறா, பாவம்."

"கூச்சமா இருக்கும்" என்று எழுந்தார் வெங்கடசுப்ரமணியன். ஐந்து மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்; மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

ஜட்காவின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள் நாச்சம்மாள். முப்பது வயதுகூட இருக்காது.

"அம்மா, எங்க தாத்தா உன் பாட்டிக்குப் பண்ணினது மகாபாவம். பொய்ச் சாட்சி சொல்லிட்டார். அவருக்காக நான் கேக்கறேன். எங்களை மன்னிச்சுடு." கை கூப்பினார்.

அவள் பதில் சொல்ல வந்தவள்போல முந்தானையை மெல்ல இறக்கினாள்.

உதடுகள் வீங்கிக் கறுத்திருந்தன. மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. ஏதோ சொன்னாள், காற்று மட்டும்தான் வந்தது.

வெங்கடசுப்ரமணியன் ஜட்காவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "யாரு... இதை யாரு பண்ணினா?"

"இவந்தானுங்க, அவ புருசன். ஊரு சொன்னதும் ஒரு வார்த்தை தட்டாம இவனே முன்னால நின்னான்" என்று லிங்கப்பனின் முதுகில் தட்டிக்கொடுத்தார் தொட்டையன். பிறகு வெங்கடசுப்ரமணியனைப் பார்த்து மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எட்டு வருசமா எங்களோடதான் இருந்தாளுங்க. நீங்க எழுதலீன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க, சாமி!"