அத்தாட்சி

"அத்தாட்சி ஏதும் கொண்டு வந்தனீங்களே?" என்று மகாலிங்கம் கேட்டார்.

அம்மாக்கண்ணு மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

அவளுக்கு முன்னால் வந்தவர்கள் பிஸ்கட் டின்களோடு வந்திருந்தார்கள். பிறப்புப் பதிவு, அம்மை குத்திய சீட்டு, பழைய சம்பளச் சீட்டு.

அவளுடைய துணிக்குள் இருந்தது ஓர் அம்பு முனை. வெற்றிலை அகலம். ஓரமெல்லாம் துரு.

மகாலிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியே தென்மேல் காற்று தாள்களைக் கலைத்துக்கொண்டிருந்தது. அம்பு முனையை அவளுடைய கோப்பின் மேலேயே பாரமாக வைத்துவிட்டு, அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னார்.

ஐம்பத்தேழாம் வருடம். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பிரஜாவுரிமை விசாரணை. ஏற்றுக்கொண்டால் அவள் இந்த நாட்டுக்காரி. மறுத்தால் இந்தியாக்காரி, என்றைக்கு வேண்டுமானாலும் கப்பலேற்றலாம்.

கேள்வியைத் தமிழிலும் பதிலை ஆங்கிலத்திலும் சொல்வது மட்டுமே யாழ்ப்பாணத்து மகாலிங்கத்தின் வேலை.

"தோட்டத்துப் பதிவில தகப்பன் செல்லசாமி, ஊர் துறையூர் எண்டு கிடக்கு. அவர் எப்ப வந்தவர்?"

"அது எங்க வீட்டுக்காரரோட மாமன் பேருங்க. துறையூரும் அவுக ஊருதான். ஊரு பேரு இல்லாதவளுக்கு வேலை இல்லைன்னாரு கங்காணி. அதான் வீட்டுக்காரரு மாமன் மகளுன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"மொறை தப்பக் கூடாதுல்ல!" வாசல் வரிசையில் நின்ற ராக்காயி சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எழுதிக் கொடுத்த அவள் புருஷன் வீரய்யா செத்து இரண்டு வருடமாகிறது. அது பொய் என்று சொல்ல வேறு ஆள் இல்லை.

தாய் எங்கே புதைக்கப்பட்டாள் என்று அதிகாரி கேட்டார். மயானப் பதிவு இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

"பொதைக்கலைங்க." அவள் குரல் தாழ்ந்தது. "மகியங்கனைக்கு அங்கிட்டு, காட்டுல, ஒரு பாறைக் குகை. அதுல கெடத்தி, மாருமேல ஒரு கல்லைத் தூக்கி வச்சு, எலையப் போட்டு மூடிட்டு வந்துட்டோம். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பறதில்லைங்க. அது செத்தவுகளுக்கு விட்ட எடம்."

மகாலிங்கத்தின் பேனா நின்றது.

வேடர்களின் இந்த வழக்கத்தைப் பற்றி அவர் படித்திருந்தார். இந்தத் தீவில் எல்லோருக்கும் முன்னால் இருந்தவர்கள். அதிகாரியின் சிங்கள முன்னோரும் தன் தமிழ் முன்னோரும் கரையிறங்கியபோது, அம்போடு நின்று பார்த்தவர்கள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் நாற்பது பேர்.

மகாலிங்கம் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் சொன்னார்: "அத்தாட்சி இல்லை."

அதிகாரி அம்பு முனையைச் சற்று நகர்த்தி, கையெழுத்துப் போட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

மறுக்கப்பட்டது என்பதை மகாலிங்கம்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கோப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தியாங்கிறது இங்கேருந்து எந்தப் பக்கம்ங்க?"

இம்முறை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அம்மாக்கண்ணு கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். கொழுந்துக் கூடை வாசலில் இருந்தது. போய் இரண்டு கையும் நிறைய இலை அள்ளி வந்தாள். கோப்பின் மேல், அம்பு முனையின் மேல், தாளின் ஒரு முனைகூடத் தெரியாதபடி பரப்பினாள். குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிறவள் போல அவசரமில்லாமல்.

என்ன இது என்று அதிகாரி கேட்டார்.

அவள் கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

"அம்மா, உங்கட சாமானை விட்டிட்டுப் போறியள்!" என்று மகாலிங்கம் கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை.

திரும்பமாட்டாள் என்று மகாலிங்கத்துக்குத் தெரியும். அவர் மொழிபெயர்க்காமல் விட்டதில் அதுவும் இருந்தது.