பட்டியலில் கடைசி வீடு

எம்ரிஸ் கதவைத் திறந்தபோது, கொட்டும் மழையில் வேல்ஸ் தேசியவாதக் கட்சியின் பச்சை பேட்ஜுடன் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் வாக்காளர் பட்டியல்.

“சார், இந்தத் தடவை உங்க ஓட்டு எங்களுக்குத்தானே?”

“ஏம்மா, எங்க தாத்தா, அப்பா, நான் மூணு பேரும் சுரங்கத்துல வெந்தவங்க. பரம்பரையா லேபர் கட்சி. இந்த வீட்டுல உங்களுக்கு ஒரு ஓட்டுகூட விழாது!”

“லண்டன்ல உக்காந்துக்கிட்டு லேபர்காரங்க உங்களுக்கு என்ன செஞ்சு கிழிச்சாங்க?”

“ஒண்ணும் கிழிக்கல. அதுக்காகக் கட்சி மாறிடுவாங்களா?”

பெண்மணி சிரித்தபடி பட்டியலில், ‘எதிர்ப்பு ஒன்று, ஆதரவு ஒன்று’ என்று குறித்துக்கொண்டார்.

எம்ரிஸ் எட்டிப் பார்த்துக் கடுப்பானார். “கையிலதான் சாவி இருக்கே, அப்புறம் எதுக்கு பெல் அடிச்சே?”

“ஒரு வீட்டைக்கூட விடக்கூடாதுன்னு கட்சியில சொல்லியிருக்காங்க. கொஞ்சம் நகருங்க, உங்க பொண்டாட்டி மழையில நனையறா.”