தொண்ணூற்றொரு சதவீதம்

"சண்டைக் காட்சியில உங்களுக்குத் தொண்ணூத்தொரு சதவீதம் சந்தோஷம்மா," என்றார் நலத்துறை அதிகாரி. படம் பார்ப்பவரின் மனதைப் பதிவு செய்யும் டிவி அனுப்பிய அறிக்கை அவர் கையில் இருந்தது. "படுத்த படுக்கையா இருக்கறவரை உங்க பொறுப்புல விட முடியாது."

பேச்சியம்மாள் கணவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைக் காட்டினாள். ஆறு வருடத்தில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லை. அதிகாரி தலையாட்டிவிட்டு மறுபடியும் அறிக்கையைத்தான் பார்த்தார்.

"நாள் பூரா தூக்கி, தொடச்சு, ஊட்டிவிட்டுட்டு உக்காருவேன் சார். திரையில எவனாச்சும் எவனையாச்சும் பறக்கவிட்டு அடிச்சா எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். அம்புட்டுதான்."

"உங்க கொழுந்தனாருக்குப் பூஜ்யம். சாதுவான மனுஷர். அவர் பாத்துக்குவார்."

ஆறு வருடமாக எட்டிப்பார்க்காத கொழுந்தன் வாசலில் நின்றான். வாதாட அவளுக்குத் தெம்பில்லை. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்கவைக்கணும்யா," என்று சொல்லியபடியே, கணவனின் ஈரத் துணியை மாற்றிக் காட்டினாள்.

கொழுந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

டிவி அணைந்திருந்தது. அதனால் அது எதிலும் பதிவாகவில்லை.