கீப்பருக்கு எந்த ஊர்

மோர்னிங்சைட் மைதானத்தில் ஊர்ச் சங்கங்களின் உதைபந்தாட்டப் போட்டி, இடைவேளை. ஒரு காலத்தில் ஒஸ்ரியாவில் கோல்களாக அடித்துக் குவித்த கோச் எர்வின், மடங்க மறுக்கும் காலை நீட்டிக்கொண்டு வாங்குப் பலகையில் இருக்கிறார். ஊர்ச் சங்கத் தலைவர் குலசிங்கம் வெயிலை மறைத்தபடி வந்து நிற்கிறார். "கீப்பரை மாத்தச் சொல்லும், றெமி. உவன் எங்கட ஊர்ப் பெடியன் இல்லை." அதே ஊர்க்காரனான கப்டன் றெமிஜியசுக்குக் காது சுடுகிறது. முதற்பாதி முழுக்க ஒரு பந்தையும் உள்ளே விடாத கீப்பர் ஜனார்த்தன், தோடம்பழச் சுளையைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறான். சாறு கையுறையில் வடிகிறது. றெமிஜியஸ் அந்தச் சொற்களை அப்படியே எர்வினுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறான். எர்வினின் கழுத்து சிவக்கிறது. தான் கோல் அடித்த நாட்களில் தன் ஊரை ஒருவரும் கேட்டதில்லை என்கிறார். கீப்பர் மாறமாட்டான் என்கிறார். "என்னவாம்?" குலசிங்கம் கேட்கிறார். "மாத்தேலாதாம், அண்ணை." "அப்ப கோச்சை மாத்துவம். உதையும் சொல்லும்." றெமிஜியஸ் அதைச் சொல்லவில்லை. புல்லில் உட்கார்ந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கிறான். முடிச்சு இறுகியிருக்கிறது; இழுக்கிறான். "அப்ப கோலையும் உங்கட ஊர் ஆக்களே அடிக்கட்டும், அண்ணை." நடுவர் விசில் ஊதுகிறார். புல்லில் இருந்த அணிப் பெடியளில் ஒருவரும் எழும்பவில்லை.